தேசியக் கொடியை எரிப்பது குற்றமா, கருத்துரிமையா? சட்டமும் வரலாறும் சொல்வது என்ன?

மைசூரு: தேசியக் கொடியைப் பொது இடத்தில் எரிப்பது இந்தியாவில் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே வேளையில், கிழிந்தோ அழுக்கடைந்தோ போன தேசியக் கொடியை எவ்வாறு அகற்றுவது என்ற கேள்விக்கு மத்திய அரசின் இந்தியக் கொடி விதித் தொகுப்பு அளிக்கும் விடையும் எரிப்பதுதான். அத்தகைய கொடியைத் தனிமையில், முழுமையாக அழித்துவிட வேண்டும் என்றும், எரித்தல் அல்லது கொடியின் கண்ணியத்துக்கு உகந்த வேறு முறையை அதற்குக் கையாளலாம் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது.

கொடியும் ஒன்றே, நெருப்பும் ஒன்றே. ஒன்று கடமை, மற்றொன்று குற்றம். இரண்டையும் வேறுபடுத்துவது, எரிப்பவர் அச்செயலின் மூலம் பிறர் அறியத் தெரிவிக்கும் கருத்துதான். எனவேதான் கொடி எரிப்பு என்பது வெறும் சட்டம்-ஒழுங்குப் பிரச்சினையாக முடிந்துவிடாமல், உலகின் பல நாடுகளில் கருத்துச் சுதந்திரம் பற்றிய வழக்காகவும் மாறியிருக்கிறது. இதுகுறித்த இந்தியச் சட்டத்தின் நிலை, அது உருவான வரலாறு, நீதிமன்றங்கள் வகுத்துள்ள எல்லைகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கொடி ஏற்றுவதே குற்றமாக இருந்த காலம்

கொடியை எரிப்பது இன்று குற்றம். மூவர்ணக் கொடியை ஏற்றுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலமும் இந்நாட்டில் இருந்தது. 1932ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற குமரன், காவலர்களின் தடியடியில் உயிரிழந்து ‘கொடி காத்த குமரன்’ ஆனது தமிழர்கள் அறிந்த வரலாறு. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் மைசூரு சமஸ்தானத்தில் நிகழ்ந்தவை தமிழகத்தில் அவ்வளவாக அறியப்படாதவை.

1938ஆம் ஆண்டு ஏப்ரலில், இன்றைய மண்டியா மாவட்டத்தின் மத்தூர் அருகே உள்ள சிவபுரத்தில் மைசூரு காங்கிரஸார் மாநாடு கூட்டினர். காங்கிரஸ் கொடியை ஏற்றக் கூடாது என்று சமஸ்தான அரசு தடை விதித்தது. டி.சித்தலிங்கையா தலைமையிலானோர் தடையை மீறிக் கொடியேற்றிக் கைதாயினர். ‘சிவபுரக் கொடி சத்தியாகிரகம்’ என இப்போராட்டம் அழைக்கப்படுகிறது.

அதே மாதம் 25ஆம் தேதி, கௌரிபிதனூர் அருகே உள்ள விதுராஸ்வத்தம் கிராமத்தில் கொடியேற்றக் கூடிய மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அப்பகுதி மக்கள் நினைவுகூர்கின்றனர். ‘கர்நாடகத்தின் ஜாலியன்வாலா பாக்’ என அழைக்கப்படும் அவ்விடத்தில் இன்று நினைவகம் உள்ளது.

இதையடுத்து சர்தார் வல்லபபாய் படேலும் ஆச்சார்ய கிருபளானியும் மைசூருக்கு வந்து, திவான் மிர்சா இஸ்மாயிலுடன் பேச்சு நடத்தினர். சமஸ்தானக் கொடியுடன் காங்கிரஸ் கொடியையும் ஏற்றலாம் என்ற உடன்பாடு எட்டப்பட்டது. அன்று சமஸ்தானம் தடுக்க நினைத்தது ஒரு துணியை அன்று. ‘ஆட்சி மக்களுக்கு உரியது’ என்று அத்துணி அறிவித்த கருத்தையே. சின்னம் என்பது பேச்சின் ஒரு வடிவம் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

இராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் பொறிக்கப்பட்ட இன்றைய தேசியக் கொடியை அரசமைப்பு நிர்ணய சபை 1947ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று ஏற்றது.

சட்டம் பிறந்த சூழல்: தமிழகத்தின் பங்கு

விடுதலைக்குப் பின் தேசியச் சின்னங்களை எதிர்ப்பின் கருவியாகக் கையாளும் போராட்டங்கள் தமிழகத்தில்தான் பெரிய அளவில் நடைபெற்றன. இந்தித் திணிப்பைக் கண்டித்து 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் ஈ.வெ.ராமசாமி அறிவித்தார். இந்தி கட்டாயமாக்கப்படாது என அப்போதைய முதலமைச்சர் காமராஜர் உறுதியளித்ததைத் தொடர்ந்து அப்போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அரசமைப்புச் சட்டத்தில் சாதியைப் பாதுகாக்கும் பிரிவுகள் இருப்பதாகவும் அவற்றை நீக்க வேண்டும் என்றும் வலியுறுத்தி, 1957ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று அச்சட்டத்தின் நகலை எரிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகம் அறிவித்தது. இதை எதிர்கொள்ள அன்றைய சென்னை மாகாண அரசு, தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றை அம்மாதமே நிறைவேற்றியது. தேசியக் கொடியையோ அரசமைப்புச் சட்டத்தையோ எரித்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறை என அச்சட்டம் வகுத்தது. தண்டனை காத்திருப்பதை அறிந்தே ஆயிரக்கணக்கானோர் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றனர். சிலர் சிறையிலேயே உயிரிழந்தனர்.

1963ஆம் ஆண்டு நவம்பரில், ஆட்சிமொழி பற்றிய அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பகுதியை எரிக்கும் போராட்டத்தை திமுக அறிவித்தது. அக்கட்சியின் பொதுச் செயலாளர் சி.என்.அண்ணாதுரைக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு இதே 17ஆவது பகுதியை எரித்த போராட்டத்துக்காகத் திமுக தலைவர் மு.கருணாநிதி சிறை சென்றார். க.அன்பழகன் உள்ளிட்ட 10 திமுக உறுப்பினர்கள் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழந்தனர்.

இந்தப் போராட்டங்களில் கலந்துகொண்டவர்களை நாட்டின் எதிரிகள் என்று வரலாறு பதிவு செய்யவில்லை. அண்ணாதுரை, சிறை சென்ற நான்கே ஆண்டுகளில் முதலமைச்சராகி, அரசமைப்புச் சட்டத்தின் பெயரால் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சின்னத்தை எதிர்ப்பதும் நாட்டை மறுப்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. எனினும், எரித்தவர்கள் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்குக் கோரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

1971ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்

நாடு முழுமைக்கும் பொருந்தும் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது பிரிவின்படி, பொது இடத்திலோ பொதுமக்களின் பார்வைக்குப் படும் வேறெந்த இடத்திலோ தேசியக் கொடியை அல்லது அரசமைப்புச் சட்டத்தை எரித்தல், சிதைத்தல், உருக்குலைத்தல், காலால் மிதித்தல், சொல்லாலோ எழுத்தாலோ செயலாலோ அவமதித்தல் ஆகியவை குற்றங்களாகும். இவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தேசிய கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதும் மூன்றாவது பிரிவின்படி குற்றமாகும்.

2003ஆம் ஆண்டின் திருத்தம், மீண்டும் குற்றம் இழைப்பவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை என நிர்ணயித்தது. அவமதிப்பு என எவையெல்லாம் கருதப்படும் என்ற பட்டியலும் சேர்க்கப்பட்டது. கொடியை வேண்டுமென்றே தரையில் படவிடுதல், காவி நிறம் கீழே வருமாறு வேண்டுமென்றே தலைகீழாகப் பறக்கவிடுதல், கொடியின் மீது எழுதுதல், கைக்குட்டையாகவோ மெத்தை உறையாகவோ பயன்படுத்துதல் முதலியவை அப்பட்டியலில் உள்ளன. இடுப்புக்குக் கீழ் அணியும் உடையில் கொடியைப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது.

சட்டம் அனுமதிப்பது எது?

தண்டனைப் பிரிவுகள் அறியப்பட்ட அளவுக்கு, இச்சட்டத்தில் உள்ள விலக்கு அறியப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தையோ தேசியக் கொடியையோ அரசின் நடவடிக்கைகளையோ விமர்சிப்பதும், அவற்றை ஏற்க மறுத்துக் கருத்துச் சொல்வதும், சட்டப்பூர்வமான வழியில் அவற்றில் மாற்றம் காணும் நோக்கம் கொண்டதாயின், குற்றமாகாது என இரண்டாவது பிரிவின் முதல் விளக்கம் தெளிவுபடுத்துகிறது. ‘தேசியக் கொடியின் வடிவத்தை மாற்ற வேண்டும்’ என்று ஒருவர் மேடையில் பேசலாம், நூல் எழுதலாம், மனு அளிக்கலாம். அதே கருத்தைத் தெரிவிக்கக் கொடியை எரிக்க இயலாது. கருத்தின் உள்ளடக்கத்தைத் தடுக்கவில்லை, அதை வெளிப்படுத்தும் முறை ஒன்றை மட்டுமே தடுக்கிறோம் என்பதே இச்சட்டத்தின் அணுகுமுறை.

இந்த அணுகுமுறைக்கு எதிரான வாதமும் வலுவானது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு கருத்துச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. அதற்கு வரம்பு விதிக்கக்கூடிய காரணங்களை 19(2) பிரிவு வரிசைப்படுத்துகிறது. நாட்டின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத் தூண்டல் ஆகியவையே அக்காரணங்கள். ‘தேசிய கௌரவம்’ அப்பட்டியலில் இல்லை. ஆகவே கொடி அவமதிப்புத் தடையை நியாயப்படுத்த விழைபவர்கள், அதை ஒருமைப்பாட்டுடனோ பொது ஒழுங்குடனோ தொடர்புபடுத்தியாக வேண்டும். ‘இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு’ என்ற சொற்கள்கூடத் தொடக்கத்தில் இல்லை. திராவிட நாடு கோரிக்கை எழுந்திருந்த சூழலில், 1963ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை அவை.

மறுபுறம், அரசமைப்புச் சட்டத்தையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என 51அ பிரிவு கூறுகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இதைச் சேர்த்தது. ஆனால் இக்கடமையை மீறுவதற்கு அப்பிரிவு தண்டனை எதையும் வகுக்கவில்லை. தண்டிக்கத் தனிச் சட்டம் தேவை.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லைகள்

தேசியச் சின்னங்களுக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் இடையிலான எல்லையை மூன்று தீர்ப்புகள் வழியே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். ஆனால் தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. இதற்காக 1985ஆம் ஆண்டு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அந்நீக்கம் செல்லாது என 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு, பாடாமல் நிற்பது அவமதிப்பாகாது எனவும், பாடியே ஆக வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை எனவும் குறிப்பிட்டது. கருத்துரிமையில் மௌனம் காக்கும் உரிமையும் அடங்கும் என்பதே இதன் சாரம்.

இரண்டாவது, நவீன் ஜிண்டால் வழக்கு. 2002ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று புதிய கொடி விதித் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை, சாதாரணக் குடிமக்கள் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே தேசியக் கொடியை ஏற்ற முடிந்தது. தமது தொழிற்சாலையில் கொடி ஏற்றுவதைத் தடுத்ததை எதிர்த்துத் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் வழக்குத் தொடுத்தார். மரியாதையுடனும் கண்ணியத்துடனும் கொடியைப் பறக்கவிடுவது 19(1)(அ) பிரிவின் கீழ் குடிமக்களின் அடிப்படை உரிமை என 2004ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அவ்வுரிமை முழுமையானது அல்ல, 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது எனவும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொடி ஏற்றுவது கருத்து வெளிப்பாடு என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதால், கொடியை எரிப்பதும் கருத்து வெளிப்பாடுதானே என்ற கேள்வியும் உடன் எழுகிறது. கருத்து வெளிப்பாடாகவே கொண்டாலும் அது நியாயமான வரம்புக்கு உட்பட்டது என்பதே இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடு.

மூன்றாவது, கோவையில் வெட்டப்பட்ட ஒரு கேக் தொடர்பானது. 2013ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவில், மூவர்ணத்தில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் வரையப்பட்ட பெரிய கேக் வெட்டப்பட்டு விருந்தினர்களுக்கு வழங்கப்பட்டது. இது கொடி அவமதிப்பு எனப் புகார் எழுந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் இவ்வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இது குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தார். தேசப்பற்று வெளித்தெரியும் செயலால் மட்டும் அளக்கப்படுவதில்லை; செயலின் பின்னுள்ள நோக்கமே கருதப்பட வேண்டும் என அவர் குறிப்பிட்டார். இவ்வளவு கடுமையாகச் சட்டத்தைப் பொருள்கொண்டால், கொடியைக் கையில் எடுக்கவே மக்கள் தயங்குவர் என்ற கவலையையும் அத்தீர்ப்பு வெளிப்படுத்தியது.

கைது ஒன்று, கேள்விகள் இரண்டு

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தேசியக் கொடியை எரித்து, அப்படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அவர் கைது செய்யப்பட்டார். காவலில் இருந்தபோது அவர் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது.

அந்நிகழ்வு இரண்டு தனித்தனிக் கேள்விகளை எழுப்பியது. எரித்தது குற்றமா என்பது ஒன்று. நடப்புச் சட்டத்தின்படி அதற்கான விடை ஐயத்துக்கு இடமற்றது. குற்றம் சாட்டப்பட்டவரை எவ்வாறு நடத்துவது என்பது மற்றொன்று. சட்டம் வகுத்த தண்டனை சிறையும் அபராதமும் மட்டுமே. அதை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. கொடி மீதான பற்று, எவருடைய உடல் மீதும் கை வைக்கும் உரிமையைக் காவலருக்கோ கூட்டத்துக்கோ அளிப்பதில்லை.

மாநிலக் கொடிக்கு இப்பாதுகாப்பு உண்டா?

1971ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பது தேசியக் கொடியையும் அரசமைப்புச் சட்டத்தையும் தேசிய கீதத்தையும் மட்டுமே. கட்சிக் கொடிகளும் அமைப்புகளின் கொடிகளும் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

கர்நாடகத்தில் இது நடைமுறைச் சிக்கலாகவே உருவெடுத்தது. கன்னட அமைப்புகள் 1960களிலிருந்து பயன்படுத்திவரும் மஞ்சள்-சிவப்புக் கொடி, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் எரிக்கப்பட்டது. பெலகாவி எல்லைப் பிரச்சினையின் தொடர்ச்சியாக நிகழ்ந்த இச்செயலை அடுத்து, பெங்களூரில் சத்ரபதி சிவாஜி சிலையும் பெலகாவியில் சங்கொள்ளி ராயண்ணா சிலையும் அவமதிக்கப்பட்டு, பதற்றம் பரவியது. கன்னடக் கொடிக்கு மக்கள் மனத்தில் உள்ள இடம் பெரிது எனினும், அதை எரிப்பதைத் தண்டிக்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படாது. பொது அமைதிக்குக் குந்தகம், பகைமையைத் தூண்டுதல் முதலிய பொதுவான குற்றப் பிரிவுகளே பொருந்தும்.

முன்னதாக, 2018ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று அப்போதைய முதலமைச்சர் சித்தராமையா, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு நிறங்களுடன் நடுவில் கண்டபேருண்டப் பறவை இடம்பெற்ற மாநிலச் சின்னத்தைக் கொண்ட கொடியை வெளியிட்டு, அதிகாரப்பூர்வ அங்கீகாரத்துக்காக மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தார். கண்டபேருண்டம், மைசூரு அரச குடும்பத்தின் பழைய சின்னம். 1938ஆம் ஆண்டு உடன்பாட்டில் எழுந்த ‘இரண்டு கொடிகள் அருகருகே பறக்கலாமா’ என்ற கேள்வி, எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் வேறு வடிவில் திரும்பி வந்தது.

உலக நாடுகளின் நிலை

கொடி எரிப்பைக் கருத்துரிமையாக ஏற்ற நாடுகளுள் முதன்மையானது அமெரிக்கா. 1984ஆம் ஆண்டு டல்லாஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது கொடியை எரித்த கிரெகரி லீ ஜான்சனின் வழக்கில், 1989ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கருத்து சமூகத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை அரசு தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. இதை மாற்ற நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் 1990ஆம் ஆண்டு ரத்தானது. அரசமைப்புத் திருத்த முயற்சி 2006ஆம் ஆண்டு செனட் அவையில் ஒரே ஒரு வாக்குக் குறைவால் தோற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதிபர் டொனால்டு டிரம்ப், கொடி எரிப்போர் மீது வேறு சட்டங்களின் கீழ் நடவடிக்கை எடுக்குமாறு உத்தரவிட்டார்; எனினும் நிர்வாக உத்தரவால் தீர்ப்பை மாற்ற இயலாது.

ஜெர்மனியில் கொடி அவமதிப்புக்கு இந்தியாவைப் போலவே மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஆயினும், கொடியைக் கேலிசெய்யும் படம் தொடர்பான வழக்கில் கலைச் சுதந்திரத்துக்கு உரிய எடை அளிக்கப்படவில்லை எனக் கூறி, அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1990ஆம் ஆண்டு தண்டனையை ரத்து செய்தது. டென்மார்க்கில் சொந்த நாட்டுக் கொடியை எரிப்பது குற்றமல்ல. பிற நாட்டுக் கொடியை எரிப்பதே குற்றம். ஹாங்காங்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமோ, கொடி அவமதிப்புத் தடை செல்லும் என 1999ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

குடிமக்கள் அறிய வேண்டியவை

கைத்தறிக் கதரோடு, பாலியஸ்டர் துணியிலும் இயந்திரத்தாலும் செய்யப்பட்ட கொடிகளை 2021ஆம் ஆண்டு டிசம்பர் திருத்தம் அனுமதித்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல், திறந்த வெளியிலும் வீடுகளிலும் பகலிரவாகக் கொடியைப் பறக்கவிடலாம். ‘வீடுதோறும் மூவர்ணக் கொடி’ இயக்கத்துக்குப் பின் கொடிகளின் பயன்பாடு பெருகியுள்ள நிலையில், அவற்றை அகற்றும் முறையை அறிவது அவசியம்.

கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது. குப்பைத் தொட்டியிலோ சாலையிலோ வீசக் கூடாது. காகிதக் கொடிகளையும் நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் விட்டுச் செல்லாமல், தனிமையில் கண்ணியமாக அப்புறப்படுத்த வேண்டும். பழைய கொடியை வீட்டுக்குள் மரியாதையுடன் எரிப்பது விதிகளுக்கு உட்பட்டதே. அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

சுருக்கமாக, கொடியை ஏற்றுவது உரிமை. கீதத்தைப் பாடாமல் மரியாதையுடன் நிற்பது குற்றமன்று. கொடியையும் அரசமைப்புச் சட்டத்தையும் அரசையும் சொல்லால் விமர்சித்து, சட்ட வழியில் மாற்றம் கோருவது அனுமதிக்கப்பட்டது. பிறர் காண எரிப்பது மட்டும் தண்டனைக்குரியது. இந்தக் கடைசிக் கோடு சரியான இடத்தில்தான் வரையப்பட்டுள்ளதா என்று கேட்பதும், அதை மாற்ற வேண்டும் என்று வாதிடுவதும் கூட அதே சட்டம் குடிமகனுக்கு விட்டுவைத்துள்ள உரிமைதான்.